விழுந்த காரணத்தை எழுதி வைப்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறி நுழையாத துறை இன்று இல்லை எனலாம். வங்கியில் பணம் எடுப்பது முதல் ரேஷன் கடையில் கைரேகை வைப்பது வரை எல்லாம் அதன் வழியே நடக்கின்றன. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நம் பாடநூல்கள் விரிவாகவே கூறுகின்றன. அது வேலை செய்யாமல் நின்றுபோகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கோ ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. நின்றுபோவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை நம் ஆய்வுக்கூடம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் கெர்னல் என்னும் கருப்பகுதி ஒன்று உண்டு. நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முறை வைப்பதும், வட்டையும் விசைப்பலகையையும் ஆள்வதும் அதன் பொறுப்பு. நாம் எழுதும் சி நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டால், கெர்னல் அந்த நிரலை மட்டும் நிறுத்திவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கெர்னலே தவறினால் என்ன ஆகும்? தட்டிக்கேட்க அதற்கு மேலே எவருமில்லை. தன் தவறைத் தானே கண்டு, தானே எழுதி வைத்து, தானே நிற்க வேண்டும்.

யூனிக்ஸை உருவாக்கியவர்கள் இதற்குப் 'பேனிக்' என்ற துணைநிரலை வைத்தார்கள். அதற்கு முந்திய மல்டிக்ஸ் அமைப்பில் பணியாற்றிய டாம் வான் விளெக், தாம் எழுதும் நிரலில் பாதியளவு பிழையிலிருந்து மீளும் வேலைக்கே போய்விடுவதாக டென்னிஸ் ரிச்சியிடம் கூறினாராம். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பிழை என்றால் பேனிக்கை அழைப்போம், பொறி நின்றுவிடும் என்ற பொருளில் ரிச்சி விடையளித்தாராம்.

இது சோம்பேறித்தனம் என்று தோன்றலாம். அப்படியன்று. கிணற்று மோட்டாரில் பியூஸ் போவது நம் ஊரில் எவருக்கும் தெரியும். பியூஸ் தான் எரிந்து மோட்டாரைக் காக்கிறது. அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியை முறுக்கிப் போட்டு ஓட்டுபவர்கள், ஒரு வாரத்தில் மோட்டாரையே இழக்கிறார்கள். நினைவகம் சிதைந்துவிட்ட பிறகும் கெர்னல் ஓடிக்கொண்டிருந்தால், சிதைந்த தகவலை வட்டில் எழுதி, நல்ல கோப்புகளையும் கெடுத்துவிடும். எனவே நிற்பதே பாதுகாப்பு.

லினக்ஸ் இதில் இரண்டு படிகளை வைத்திருக்கிறது. முதற்படிக்கு 'ஊப்ஸ்' என்று பெயர். தவறில் சிக்கிய செயலை மட்டும் கொன்றுவிட்டு, முடிந்தவரை பொறி தொடர்ந்து ஓடும். ஆனால் ஒரு குறிப்பை விட்டுச் செல்லும்: எந்தக் கட்டளையில் தவறு நேர்ந்தது, அப்போது செயலியின் பதிவகங்களில் இருந்த எண்கள் யாவை, எந்தச் சார்பு எந்தச் சார்பை அழைத்து இந்த இடத்துக்கு வந்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும். தொடரவே முடியாது என்ற நிலையில் வருவது இரண்டாம் படியாகிய பேனிக்.

எழுதி வைப்பதில்தான் பெரும் சிக்கல். விழுந்துகொண்டிருக்கும் கெர்னலை நம்பி வட்டில் எழுதச் சொல்ல முடியுமா? 2005-ஆம் ஆண்டு லினக்ஸில் சேர்க்கப்பட்ட கேடம்ப் என்னும் வசதி இதற்கு அழகான விடை கண்டது. நினைவகத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றிக் காத்திருக்க வைக்கிறார்கள். முதல் கெர்னல் விழுந்தவுடன் இரண்டாவது கெர்னல் எழுந்து, விழுந்ததன் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாகச் சேமிக்கிறது. அதன் பிறகுதான் பொறி மறுபடி தொடங்குகிறது. பின்னர் 'கிராஷ்' என்னும் கருவியைக் கொண்டு அக்கோப்பைத் திறந்து, விழுந்த நொடியில் இருந்த நிலையை நிதானமாகப் படிக்கலாம்.

இந்தக் கலை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். எரிந்த மோட்டார் கடைக்கு வந்தால், பழைய கம்பியை அவர் உடனே அறுத்தெறிய மாட்டார். முதலில் உற்றுப் பார்ப்பார். காயில் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு. ஒரு பகுதி கருகி, மறு பகுதி புதிதுபோல் இருந்தால், ஒரு பேஸ் வராத நேரத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் புதுக் காயில் கட்டிக் கொடுத்தால், அதே மோட்டார் அடுத்த மாதமும் வந்து நிற்கும் என்பார். நான் படிக்கும் பாடத்தின் சாரம் இதுவே என்பது அவருக்குத் தெரியாது.

காரணம் அறியாமல் மறுபடி தொடங்குவது மருந்தாகாது என்பதை 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் உலகமே கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கான போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல பொறிகள் தொடங்கியதும் மறுபடி விழுந்தன. காரணம் என்ன? அந்நிறுவனத்தின் நிரல் 20 மதிப்புகளையே கொடுக்க, புதிய கோப்போ 21-ஆவது மதிப்பைக் கேட்டது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய்க் கெர்னல் விழுந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணிப்பொறி, சில நாள்களில் தானாகவே மீண்டும் மீண்டும் தொடங்கலாயிற்று. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் பொறியை யார் போய்ப் பார்ப்பது? ஆனால் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் வசதியை அந்த மென்பொருளிலிருந்து பொறியாளர்கள் நீக்காமல் விட்டிருந்தார்கள். பூமியில் இருந்த மாற்றுப் பொறியில் அதே தவறு நேரும்வரை ஓட்டி, பதிவைப் படித்தார்கள். முதன்மை குறைந்த வேலையொன்று பொதுவான பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர வேலைகள் குறுக்கே புகுந்ததால், முதன்மை மிகுந்த வேலை காத்துக் கிடந்தது தெரிந்தது. ஓர் அமைவை மாற்றி அனுப்பினார்கள், நோய் தீர்ந்தது. அந்தப் பதிவு வசதியல்லவா கலத்தைக் காத்தது!

இனி நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். பொறி நின்றால் எழும் முதற் குரல் 'ரீஸ்டார்ட் பண்ணு' என்பதுதான். திரையில் இருந்த செய்தியை எவரும் படிப்பதில்லை. ரெக்கார்டு நோட்டிலோ சரியாக வந்த விடைக்கு மட்டுமே இடம். நிரல், விடை, கையொப்பம் என்று ஒவ்வொரு பக்கமும் மாசற்று விளங்குகிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. 1947-இல் ஹார்வர்டின் மார்க் 2 பொறியின் ரிலேயில் சிக்கிய விட்டில் பூச்சியை எடுத்து, அதே பக்கத்தில் ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தார்கள். மறைத்திருந்தால் இன்று அப்பக்கத்தை யார் போற்றுவார்?

தேர்வு நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு செய்துவிட்டு உடனே மறுபடி தொடங்கலாம் என்பதைத்தான் கேடம்ப் காட்டுகிறது. நினைவகப் பதிவில் பிறருடைய கடவுச்சொல்லும் இருக்கக்கூடும் என்பதால், அதைப் பொறுப்பாசிரியரின் மேற்பார்வையில் வைப்பதே முறை.

எனவே என் வேண்டுகோள் மூன்று. ஆய்வுக்கூடத்தின் லினக்ஸ் பொறிகளில் ஒன்றிலேனும் கேடம்பை இயக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ரெக்கார்டு நோட்டில் 'நேர்ந்த பிழையும் அறிந்த காரணமும்' என்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் அப்பக்கத்துக்கும் மதிப்பெண் தர வேண்டும்.

பொறியாளர் அண்ணன் உள்ள வீட்டுப் பிள்ளை, பிழை வந்தால் இரவில் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வான். என்னைப் போன்ற முதல் தலைமுறை மாணவருக்கு வீட்டில் கேட்க ஆளில்லை. முந்திய ஆண்டு மாணவர்கள் எழுதி வைத்துச் சென்ற பிழைகளே எங்களுக்கு அண்ணனாகவும் அக்காளாகவும் இருக்க முடியும். மாணவ நண்பர்களே, அடுத்த முறை திரை உறைந்து நிற்கும்போது, பொத்தானுக்குக் கை போகும் முன் அதில் உள்ளதைப் படியுங்கள். படித்ததை எழுதி வையுங்கள்.