தேய்ந்த எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய் மருந்தா?

லூனாஸ், பாடாங் செராய் பக்கம் பழைய மாஸி பெர்குசன் டிராக்டர் வைத்திருக்கும் யாரிடமாவது, "எஞ்சின் புகை தள்ளுதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். "அம்பது நம்பர் எண்ணெய ஊத்துப்பா, அடங்கிடும்" என்பார். கடையில் மிஞ்ஞாக் ஹீத்தாம் வாங்க நிற்பவரும் அதையே சொல்வார். புகை அடங்குவதும் உண்மைதான், சில நாள்களுக்கு. அதனால்தான் இந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், இது பெரும்பாலும் நோயை மறைக்கும் வேலை.

சும்மா சொல்லவில்லை. எங்கள் உறவினர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு மாஸி பெர்குசன் 135 ஒன்றை வாங்கினார். சொந்தச் செம்பனைக் குலைகளை இழுக்கலாம், அக்கம்பக்கத்துச் சிறுதோட்டங்களுக்கும் வாடகைக்கு ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. பார்க்கப் போன அன்று எஞ்சின் சாதுவாக ஓடியது; எண்ணெய் அழுத்த மீட்டரும் நன்றாக நின்றது. மூன்றாம் வாரம் எண்ணெயை வடித்துவிட்டு 15டபிள்யூ-40 ஊற்றினார். அன்று மாலையே அடியில் 'டக் டக்' சத்தம். சூடானதும் மீட்டர் முள் படுத்துவிட்டது. வடித்த பழைய எண்ணெயைக் கையில் எடுத்துப் பார்த்தால் சர்க்கரைப் பாகு போல இழுக்கிறது. எதை ஊற்றி விற்றார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

135 மாடல் 1964இல் வெளிவந்து 1975 வரை தயாரானது. மூன்று சிலிண்டர், இரண்டரை லிட்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். அப்படியானால் இன்று ஓடும் எதற்கும் அரை நூற்றாண்டு வயதாகிறது. தேய்மானம் இருக்கத்தான் செய்யும். கேள்வி, எங்கே தேய்ந்திருக்கிறது, எவ்வளவு என்பதுதான்.

ஒரு திரவம் ஓட மறுக்கும் தன்மையைப் பாகுநிலை என்கிறோம். பள்ளியில் நீங்கள் 'கெலிகாத்தான்' என்று படிப்பது இதைத்தான். டின்னில் இருக்கும் 40, 50 என்பவை அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகமான எஸ்ஏஇ தந்த வகைப்பாடு; இதன் முதல் வடிவம் 1911இல் வந்தது. எஸ்ஏஇ 40 எண்ணெயின் பாகுநிலை 100 பாகை செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும். எஸ்ஏஇ 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 15டபிள்யூ என்பதிலுள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். கழித்தல் 20 பாகையில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப முடியுமா என்ற சோதனை அது. லூனாஸில் அந்தக் குளிரைக் காண வேண்டுமானால் ஐஸ் கட்டித் தொழிற்சாலைக்குள்தான் போக வேண்டும். இருந்தாலும் அந்த எண் நமக்கும் உதவும்: இத்தகைய எண்ணெய் காலையில் அவ்வளவு கெட்டியாக இராது, சூட்டில் அவ்வளவு நீர்த்தும் போகாது.

எண்ணெய் எப்படி இரும்பைத் தாங்குகிறது? 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கம் துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரமுளையை அடித்து இறுக்கினார், அதுவும் வந்தது. அழுத்த மீட்டரைப் பொருத்தியபோது முள் 200 பிஎஸ்ஐயைத் தாண்டிப் போனது. அங்கே பம்பு எதுவும் கிடையாது! சுழலும் அச்சே எண்ணெயை ஓர் ஆப்பு போல இடுக்கில் இழுத்துச் சென்று, அதன்மேல் மிதக்கிறது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார்.

டிராக்டரின் கிராங்க் தண்டும் அப்படித்தான் மிதக்கிறது. எண்ணெய் பம்பின் வேலை, அந்த இடுக்குக்குத் தொடர்ந்து எண்ணெய் அனுப்புவது மட்டுமே. பேரிங் தேய்ந்து இடுக்கு அகன்றால் எண்ணெய் ஓரங்களில் ஒழுகிவிடும். இங்கேதான் கணக்கு கறாராகப் பேசுகிறது. ஒழுகும் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பாகுநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இடைவெளி 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.10 ஆனால் ஒழுக்கு 8 மடங்கு. 40ஐ விட்டு 50க்குப் போனால் பாகுநிலை ஏறக்குறைய 1.3 மடங்குதான் கூடுகிறது. 1.3இன் கனமூலம் 1.09. ஆக, இடைவெளி 9 விழுக்காடு அகன்றிருந்தால் அதை ஈடுகட்டலாம். இரட்டிப்பானதை எந்த டின்னும் ஈடுகட்டாது.

பின் ஏன் மீட்டர் நன்றாகக் காட்டுகிறது? காரணம், அது அளப்பது பம்புக்கு எதிரே உள்ள தடையை. கெட்டி எண்ணெய் என்றால் தடை அதிகம், முள் ஏறும். ஓரளவுக்கு மேல் போனால் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்து, மிச்ச எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். விடியற்காலையில் முள் உச்சியில் நிற்கிறது என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், மேலே வால்வுகளை அசைக்கும் ராக்கர் கைகளுக்கு எண்ணெய் இன்னும் போய்ச் சேர்ந்திராது. 25 பாகையில் எஸ்ஏஇ 50 எண்ணெய் 15டபிள்யூ-40ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு கெட்டி.

எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க வெயிலில் சுமை இழுக்கும் எஞ்சினில், கெட்டி எண்ணெயின் படலம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அக்காலக் கையேடுகள் வெப்பமான பருவத்துக்கு எஸ்ஏஇ 30 என்ற அளவிலேயே சொல்லின. இன்று நாம் ஊற்றும் 15டபிள்யூ-40 சூட்டில் அதைவிட ஏற்கெனவே ஒரு படி மேல். அளந்து பார்த்து, அழுத்தம் சற்றே குறைவு என்று தெரிந்தால் 20டபிள்யூ-50க்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். அளக்காமல் ஊற்றுவதைத்தான் சொல்கிறேன்.

அளப்பது கடினமும் அல்ல. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல், தனி மீட்டர் ஒன்றைத் திருகிப் பார்க்க வேண்டும். இந்தப் பெர்கின்ஸுக்கு முழு வேகத்தில் 30 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். எண்ணெய்க் கோலை முகர்ந்து பாருங்கள்: டீசல் வாடை அடித்து, எண்ணெய் மட்டமும் ஏறியிருந்தால் எரிபொருள் கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது என்று பொருள். அப்போது 50 ஊற்றினால் அதுவும் சில நாளில் நீர்த்துவிடும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கருப்புப் புகைக்கும் எண்ணெயின் கெட்டித்தன்மைக்கும் சம்பந்தமில்லை, காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

வீட்டில் டிராக்டர் இல்லாதவர்கள் ஊசி நீக்கிய மருந்துக் குழாய் ஒன்றில் 10 மில்லிலிட்டர் எஞ்சின் எண்ணெயை எடுத்து, தண்டை உருவிவிட்டு, அது தானாக வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு அதே எண்ணெயை 60 பாகை வெந்நீரில் கிண்ணத்தோடு வைத்துச் சூடாக்கி, மறுபடி பாருங்கள். 40க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் பெரிதா, சூடு செய்யும் வித்தியாசம் பெரிதா என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

எங்கள் உறவினரின் எஞ்சின் சூட்டில், முழு வேகத்தில் 20ஐக்கூடத் தொடவில்லை. டிராக்டரைப் பிரித்து, பேரிங் ஓடுகளை மாற்றினார்கள். நல்ல வேளையாகக் கிராங்க் தண்டில் கீறல் இல்லை. மறுபடியும் அதே 15டபிள்யூ-40தான் ஊற்றியிருக்கிறார். இப்போது 40க்கு மேல் நிற்கிறது. லேசான நீலப் புகை மட்டும் போகவில்லை. பிஸ்டன் வளையமாக இருக்கும், தீபாவளி செலவு முடியட்டும் என்கிறார்.