தினமும் நெல்லைக்குப் போய்வரும் தென்காசிக்காரர் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா?

எலெக்ட்ரிக் கார் என்றாலே சென்னை, பெங்களூரு ஆட்களுக்கான வண்டி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் சென்னை அபார்ட்மென்ட்டில் சார்ஜர் பாயின்ட் வைக்க அசோசியேஷனிடம் மாசக்கணக்கில் அலைய வேண்டும். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி பக்கம் தனி வீடும், வண்டியை நிறுத்த முன்னால் கொஞ்சம் இடமும் உள்ளவர்களுக்கு அந்தத் தலைவலியே கிடையாது. ராத்திரி வயரைச் சொருகிவிட்டுத் தூங்கலாம். இந்த ஒரு விஷயத்தில் சின்ன ஊர்தான் முன்னால் நிற்கிறது.

ஆனாலும் கார் என்பது பெரும்பாலான வீடுகளில் ஐந்து, ஏழு வருஷ இஎம்ஐ. அதனால் ஆசையை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை முதலில் பார்க்கலாம்.

இரண்டு வீட்டுக் கணக்கு

முதல் வீட்டில் ஒருவர் தென்காசியிலிருந்து நெல்லைக்கு தினமும் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வர சுமார் 110 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 5,300 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 35,000 ரூபாய் ஆகிவிடும்.

அதே ஓட்டத்துக்கு எலெக்ட்ரிக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 850 யூனிட் எடுக்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இபி பில் படிப்படியாக ஏறும் பில். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டில் இப்போ வரும் பில் சுமார் 700 ரூபாய்தான். கார் வந்ததும் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளில் இருந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். 1,000-ஐத் தாண்டும் யூனிட்டுகளுக்கு 11 ரூபாய்க்கு மேல். ஆக, காரால் கூடுதலாக வருவது சுமார் 8,000 ரூபாய். ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது’ என்று ஷோரூமில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒன்றரை ரூபாய் என்று வையுங்கள். அப்படியும் இரண்டு மாதத்துக்கு 27,000 ரூபாய் மிச்சம். பெட்ரோல் காரைவிட 3 லட்சம் கூடக் கொடுத்து வாங்கியிருந்தாலும் இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும்.

இரண்டாவது வீட்டில் கார் வெளியே எடுப்பதே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், கல்யாண வீட்டுக்கும், சீசனில் ஐந்தருவிக்கும்தான். மாதம் 500 கி.மீ. ஓடினால் பெரிசு. அதே 3 லட்சத்தை எடுக்க அந்த வீட்டுக்குப் பத்து வருஷம் ஆகும். பேட்டரி வாரண்டியே பொதுவாக 8 வருஷம்தான். அதுவும் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. எலெக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது என்றாலும், இடைவெளி முன்பு போல் இல்லை. இந்த வீடு அவசரப்பட வேண்டியதில்லை. சுற்றுச்சூழலுக்காக வாங்குகிறோம் என்றால் அது வேறு பேச்சு. மாதம் 500 கி.மீ. ஓடும் வண்டியில் அந்த லாபமும் கொஞ்சம்தான்.

வயரிங் பார்த்தீர்களா?

வண்டியை டெஸ்ட் டிரைவ் செய்வதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்குக் கூப்பிடுவது நல்லது. பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. ஃபேனும் டிவியும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். கார் சார்ஜர் ஓடாது, எர்த் இல்லை என்று தெரிந்தால் அதுவே நின்றுவிடும். 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் பெரிய பேட்டரி நிரம்ப ஒரு ராத்திரி போதாது. வேகமான சார்ஜர் வேண்டுமென்றால் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்ட வேண்டியிருக்கும். மாடியில் இடமிருந்தால் மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. சாரல் மாதங்களில் வெயில் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். (சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. அந்த மாதங்களில் உங்கள் கார் ஓரளவு குற்றாலக் காற்றிலேயே ஓடுகிறது!)

மலையும் மழையும்

ஷோரூமில் சொல்லும் ரேஞ்சில் மூன்றில் இரண்டு பங்கை நம்பலாம். நெல்லைக்குப் போய்வர சிறிய பேட்டரி வண்டிக்கே அது தாராளம். புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும்போது சார்ஜ் சடசடவென்று இறங்கும். தென்மலைப் பக்கம் இறங்கும்போது பிரேக்கிங் மூலம் ஒரு பகுதி திரும்ப ஏறும், முழுசாக இல்லை. சென்னைக்கு 600 கி.மீ.க்கு மேல். குறைந்தது இரண்டு இடத்தில் நிறுத்தி ஃபாஸ்ட் சார்ஜ் போட வேண்டும், அங்கே யூனிட் விலையும் வீட்டைவிட நன்றாகவே கூடுதல். தீபாவளிக்கு முந்தின ராத்திரி அந்த சார்ஜர் முன்னால் எத்தனை கார் நிற்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். வருஷத்தில் நாலு தடவை சென்னை போகிறவருக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய தொந்தரவு. மாதம் இரண்டு தடவை போகிறவர் பெட்ரோலிலோ ரயிலிலோ போவதே மேல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை தென்மாவட்டங்களில் யாருக்கும் மறந்திருக்காது. கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் இருந்த ஊர்கள் உண்டு. வீட்டில் இருக்கும் ஒரே வாகனம் எலெக்ட்ரிக் கார் என்றால், மழை அறிவிப்பு வந்த அன்றைக்கே சார்ஜை நிரப்பி வைக்கும் பழக்கம் வேண்டும். வீட்டில் வயசானவர்கள், ஆஸ்பத்திரி அவசரம் என்று இருந்தால் ஒரு பெட்ரோல் ஸ்கூட்டராவது கூட இருக்கட்டும்.

கடைசியாக சர்வீஸ். 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையே திறந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதும், பேட்டரியில் எச்சரிக்கை விளக்கு எரியும்போது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல. எந்த கம்பெனி வண்டி என்றாலும் புக்கிங் தொகை கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உயர் மின்னழுத்த வேலை தெரிந்த சர்வீஸ் சென்டர் நெல்லையிலா, மதுரையிலா? வண்டி நின்றுவிட்டால் அங்கே தூக்கிப் போகும் செலவு யாருடையது? 2023 மின்வாகனக் கொள்கை 2025 இறுதி வரை தந்த சாலை வரி விலக்கு, இன்றைக்குத் தரும் ஆன்-ரோடு கொட்டேஷனில் எந்த வரியில் இருக்கிறது? பதிலை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.