ஓடி முடித்தவர்களையும் உடன் அனுப்புங்கள்

1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடி வித்தியாசத்தில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் அவர் என்ன சாப்பிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துவராமல், கஞ்சியையும் மாங்காய் ஊறுகாயையும் வைத்தே நாட்களை ஓட்டியதாக அவர் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுவும் காரணம் என்றார். அதுபோன்ற கிராமங்களில் பலமுறை தங்கிப் போட்டியிட்டு ஓய்வுபெற்ற ஒருவர் துணைக்கு இருந்திருந்தால், சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதைப் புறப்படும் முன்பே கேட்டிருப்பார்.

நம் கோரிக்கை இதுதான்: இந்திய அணி எந்தப் பன்னாட்டுப் போட்டிக்குச் சென்றாலும், உச்ச மட்டத்தில் ஆடி ஓய்வுபெற்ற வீரர்களும் வீராங்கனைகளும் சிலர் அதனுடன் செல்ல வேண்டும். பயிற்சியாளராகவோ தேர்வாளராகவோ அதிகாரியாகவோ அல்ல. எந்தப் பதவியும் இல்லாத துணையாக, தன்னார்வலராக.

பதவி கூடாது என்பதில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற துப்பாக்கி சுடும் வீரர் ககன் நாரங். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தவர் உஷாவே. முன்னாள் வீரர்கள் இல்லாத அணி என்று அதைச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 6 அன்று மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், பன்னாட்டுக் களத்தில் அதுவரை யாரிடமும் தோற்காத யுய் சுசாகியை வீழ்த்தி, அடுத்தடுத்து மேலும் இருவரை வென்று இறுதிக்கு வந்தார். இரவெல்லாம் எடை குறைக்கப் போராடியும், மறுநாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். அந்த நேரத்தில் பதவியில் இருப்பவர்களுக்கு ஆயிரம் வேலைகள். மேல்முறையீடு செய்ய வேண்டும், பத்திரிகையாளர்களைச் சந்திக்க வேண்டும், யார்மீது தவறு என்ற கேள்விக்கு நிர்வாகத்தின் சார்பில் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், அந்தப் பெண் மனம்விட்டுப் பேசக்கூடிய இடத்தில் அவர்களால் இருக்க முடியாது. முந்தைய ஆண்டு இதே மல்யுத்தப் பெண்கள் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார வேண்டியிருந்த நாடு இது. நிர்வாகத்தைச் சேராத ஒரு காது அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

துணை என்பது பெரிய விஷயங்களுக்கு மட்டும் அல்ல. போட்டி முடிந்ததும் நடக்கும் ஊக்கமருந்துப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். தோற்ற வீராங்கனை அழுது முடிப்பதற்குள் ஒருவர் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்; அந்த நொடியிலிருந்து கண்பார்வையை விட்டு விலகமாட்டார். குறைந்தது 90 மில்லி சிறுநீர் தர வேண்டும். ஓடி வியர்த்த உடம்பில் அது உடனே வராது. தண்ணீரைக் குடித்துக் குடித்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கவே மாதிரி கொடுக்க வேண்டும். புட்டியின் எண்ணைச் சரிபார்த்து, கடந்த நாட்களில் உட்கொண்ட மருந்துகளை எழுதி, படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தன்னுடன் ஒருவரை அழைத்துச் செல்ல விதிமுறையிலேயே உரிமை இருக்கிறது. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் 17 வயதுப் பெண் முதல்முறை வெளிநாடு போய் அந்த அறையில் உட்காரும்போது, இதையெல்லாம் பத்து முறை கடந்துவந்த ஓர் அக்கா பக்கத்தில் இருந்து, “அவசரம் இல்லை, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு” என்று சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியம் எந்தக் கையேட்டையும்விடப் பயன்படும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்த விதி நியாயமா என்பது தனியாக விவாதிக்க வேண்டியது. நம் கருத்தில் அது அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை. அப்போது அவருக்கு 25 வயது. ஊருக்குத் திரும்பியவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்குத் தனித்துவிடப்பட்டார். பின்னர் செங்கல் சூளையில் வேலை செய்தார். அதையெல்லாம் கடந்து பயிற்சியாளராக எழுந்து நின்றார். 2014இல் இதேபோன்ற விதியால் தடுக்கப்பட்ட ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், உடன் நின்றவர்களின் உதவியோடு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம்வரை சென்று, 2015இல் அந்த விதியையே நிறுத்திவைக்க வைத்தார். இருவருக்கும் இடையே இருப்பது எட்டு ஆண்டுகள் மட்டும் அல்ல, துணையும்தான்.

துணை நிற்பது எப்படி என்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற விஸ்வநாதன் ஆனந்த், சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இளையவர்களுக்கு விட்டுக்கொடுத்து, இந்திய அணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். 16 வயது குகேஷ், கடைசிக்கு முந்தைய சுற்றில் வெல்ல வேண்டிய ஆட்டத்தை அப்துசத்தோரோவிடம் இழந்து நொறுங்கிப்போனார். ஆனாலும் அடுத்த சுற்றில் அவர் ஆடிய இளம் இந்திய அணி எழுந்து வெண்கலம் வென்றது. அதற்கான பெருமை முதலில் ஆடியவர்களுக்கும் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷுக்கும் உரியது. ஆனால், தோல்வியின் எல்லா ருசியும் அறிந்த ஒருவர் தாங்கள் இருக்கும் வளாகத்திலேயே இருக்கிறார் என்ற தெம்பு சின்ன விஷயம் அல்ல.

உலகம் இந்தத் திசையில் நகரத் தொடங்கிவிட்டது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்து, வீரர்களின் நலன் காக்கும் அலுவலர்களுக்கென்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனி அனுமதி அட்டையே தருகிறது. பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்தில் முதன்முறையாகக் குழந்தைகள் அறை திறக்கப்பட்டதற்குப் பின்னால், தாயான பிறகும் ஓடிய அலிசன் ஃபெலிக்ஸின் முயற்சி இருந்தது. பால் குடிக்கும் குழந்தையோடு போட்டிக்கு வருவது என்னவென்று தெரிந்தவருக்குத்தான் அந்த அறையின் தேவை முதலில் கண்ணில் படும்.

எதிர்ப்புகளும் உண்டு, சில நியாயமானவை. பழைய நட்சத்திரம் வந்தால் கேமராக்கள் அவர் பக்கம் திரும்பும். “எங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா?” என்று பேசி, வலியைச் சொல்ல வருபவரின் வாயை அடைப்பவர்களும் இருப்பார்கள். சொந்தப் பயிற்சிக்கூடம் நடத்துபவர், தன் மாணவருக்கு மட்டும் துணையாக நிற்கலாம். எனவே, போகிறவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும். போட்டி முடியும்வரை பேட்டி கூடாது. தன் மாணவர் இருக்கும் அணியோடு போகக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. துன்புறுத்தல் புகார் வந்தால் மட்டும் எங்கே கொண்டுசெல்வது என்பதில் முறையான பயிற்சி வேண்டும். உளவியல் நிபுணரின் வேலையை இவர்கள் தலையில் கட்டவும் கூடாது.

இடமில்லை என்ற வாதத்தை மட்டும் நாம் ஏற்க மாட்டோம். அனுமதி அட்டைகள் குறைவு என்பது உண்மை. அந்தக் குறைந்த அட்டைகளில் சம்மேளன நிர்வாகிகளுக்கு எத்தனை போகின்றன என்பதை ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வெளியிடட்டும், பிறகு பேசலாம்.

தன்னார்வம் என்றால் சொந்தக் காசில் போவது என்று அர்த்தமாகிவிடக் கூடாது. நம் முன்னாள் வீரர்களில் பலர் ரயில்வேயிலும் காவல் துறையிலும் வங்கியிலும் வேலை பார்ப்பவர்கள். பயணச் செலவு, தங்குமிடம், தினப்படி ஆகியவற்றோடு, போகும் நாட்களைப் பணி நாட்களாகவே கணக்கிடும் ஆணையும் வேண்டும். இல்லையென்றால் வசதி உள்ளவர்கள் மட்டுமே போவார்கள். துணை அதிகம் தேவைப்படும் கிராமத்துப் பிள்ளைகளின் மொழியும் வாழ்க்கையும் தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

2030இல் அகமதாபாத் காமன்வெல்த் விளையாட்டை நடத்தவிருக்கிறது. அரங்குகளைப் பற்றிய பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடிய சென்னையின் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் 2025இல் ஓய்வுபெற்றிருக்கிறார். அவரைப் போன்ற அனுபவம் உள்ளவர்கள் ஒவ்வொரு விளையாட்டிலும் இருக்கிறார்கள். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையம் அவர்களின் பட்டியலை மொழிவாரியாகத் தயாரிக்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த கேலோ இந்தியா இளையோர் போட்டிக்குப் புறப்படும் மாநில அணியுடன், ஆண்களும் பெண்களுமாக நான்கைந்து முன்னாள் வீரர்களை அனுப்பிப் பார்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.