பக்கத்து டேபிள்காரர் பஜ்ஜி சாப்பிட்டால் சொல்லலாமா?

திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ். சாயங்கால டீ டைமில் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்ததும் யாராவது ஆரம்பிப்பார்: "மறுபடியும் எண்ணெய்ப் பலகாரமா? சுகர் வந்துடும், பாத்துக்கோங்க!" அக்கறைதான். ஆனால், அதைக் கேட்டு பஜ்ஜியை விட்டவர் யார்? மறுநாள் தனியாகப் போய்ச் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

பயம் பொய்யில்லை. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. அதே ஆண்டு ஜனவரியில், பிரிட்டன் உணவுத் தர அமைப்பின் தலைவர் சூசன் ஜெப், ஆபீசுக்கு கேக் கொண்டுவருவதை அடுத்தவர் விடும் சிகரெட் புகையோடு ஒப்பிட, பெரிய சர்ச்சையானது. அவர் குறைசொன்னது சாப்பிடுபவரை அல்ல, கண்ணெதிரே கேக் இருப்பதை. திட்டியவர்கள் பலர் இதைக் கவனிக்கவே இல்லை.

தையல் செக்‌ஷனில் இது இன்னும் தெளிவு. பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்ட் தைப்பவருக்கு நிமிஷம்தான் காசு. அவசரத்துக்கு வடையும் பன்னும்தான் தோது. அவரிடம் போய் "சிறுதானியம் சாப்பிடுங்க" என்பது ரொம்ப ஓவர்.

பேச வேண்டியது எச்.ஆரிடம்: டீயோடு சுண்டல் வைக்கலாமே? சர்க்கரை போடாத டீ தனி பிளாஸ்க்கில்? "எனக்கு சுகர், ஞாபகப்படுத்துங்க" என்று அவரே கேட்டிருந்தால் சொல்லலாம். அதுவும் நாலு பேர் முன்னால் வேண்டாம்.