இருங்க வாப்பா, எழும்பாதீங்க

எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் வாப்பாவைக் கண்டதும் சொல்வது இதைத்தான். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம் வருகிறது.

வாப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நுரைச்சோலை மணலில் வெங்காயமும் மிளகாயும் போட்டு, காலம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்பு அது. இப்போது முன்விறாந்தைக் கதிரையில் இருத்தி வைத்து, தேத்தண்ணியைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கை நடுங்குவது சனத்துக்குத் தெரிகிறது. கால் இறுகுவதும் எட்டு குறுகுவதும் தெரிவதில்லை. மூளையில் டோபமின் சுரக்கும் கலங்கள் அழிவதால் வருகிற நோய் இது. மாத்திரை ஓரளவுக்குத் தாங்கும், மிச்சத்தை உடம்பை அசைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். நெதர்லாந்தில் நோய் முற்றாத 130 பேரை வைத்து ஆய்வு செய்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் வீட்டிலேயே, நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிளை வாரத்தில் மூன்று நாள் அரை மணி, முக்கால் மணி மிதித்தார்கள். மற்றவர்கள் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஆறு மாதத்தில் இவர்களின் அசைவு கெட்ட அளவுக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கெடவில்லை. இதைச் சொன்னால், "வயசாளிய ஏன் போட்டு வருத்துற?" என்று என்னைத்தான் ஏசுகிறார்கள்.

வாப்பாவுக்குப் பெரிய கண்டம் அறையின் நிலைவாசல். அதுவரை நடந்து வருவார், அங்கே கால் இரண்டும் தரையோடு ஒட்டிவிடும். உடனே யாராவது ஓடிவந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுக்காதீங்க! இழுத்தால் மேலுடம்பு மட்டும் முன்னே வரும், கால் வராது, மனிசன் முகம் குப்புற விழுவார். கொஞ்சம் பொறுத்து, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றச் சொல்லி, தரையில் ஒரு கோட்டைக் காட்டினால் போதும். அதைத் தாண்டுகிற மாதிரிக் காலை எடுத்து வைத்துவிடுவார். தானாக வராத எட்டு, கண்ணால் ஒரு குறியைப் பார்த்தால் வருகிறது. பள்ளிவாசலில் தொழுகை வரிசைக்குப் போட்ட ஸஃப் கோட்டைத் தாண்டும்போது பாருங்கள், அந்த எட்டு எவ்வளவு சுத்தமாக விழுகிறது! அதற்குள் பொடியன்மார் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டு நிலைவாசலிலும் சிவப்பு டேப் ஒட்டி வைத்தேன். விருந்தாளி வரப்போகிறார்கள், அசிங்கமாக இருக்கிறது என்று ராத்தா உரித்துப் போட்டுவிட்டா.

சரி, வெளியே கூட்டிப் போகலாமென்றால் எங்கே? ஒழுங்கையில் கால் புதைகிற மணல். கல்பிட்டி ரோட்டில் ஏறினால் லொறியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகின்றன. 900 மெகாவொட் அனல்மின் நிலையம் இருக்கிற ஊரில், வயசாளி ஒருவர் பயமில்லாமல் நடக்க நாலு முழ அகலத்தில் ஒரு நடைபாதை இல்லை. பஸ்ஸில் மிதிபலகையில் ஒரு கால் வைக்கும்போதே "கெதியா, கெதியா" என்று கத்துகிறார்கள். கெதியாக என்று கத்தினால் இந்த நோய்க்காரருக்கு உள்ள எட்டும் நின்றுவிடும். தயவுசெய்து அரை நிமிசம் பொறுங்கள்.

கிளினிக் நாளை நினைத்தால் இன்னும் எரிகிறது. மாத்திரை போட்டபின் கால் இலகுவாக இருக்கிற நேரம் கொஞ்சந்தான். அந்த நேரம் முழுக்க வாங்கில் குந்தியிருந்தே போய்விடுகிறது. உள்ளே கூப்பிடும்போது வாப்பா மரக்கட்டை. டாக்டர் அந்தக் கோலத்தைப் பார்த்து மாத்திரையைக் கூட்டி எழுதுகிறார். எப்படித் திரும்புவது, கதிரையிலிருந்து எப்படி எழும்புவது என்று யாரும் ஒரு நாளும் காட்டித் தந்ததில்லை.

இப்போது கட்டாரில் இருக்கிற தம்பி வீல்செயார் வாங்கி அனுப்பப் போகிறானாம். அனுப்பாதே என்று சொல்லிவிட்டேன். வந்தால் எல்லோருமாகச் சேர்ந்து அதிலேயே இருத்திவிடுவார்கள். காசு இருந்தால், குதிகாலை இறுக்கிப் பிடிக்கிற நல்ல சப்பாத்து ஒரு சோடி அனுப்படா. வாப்பாவுக்கு எட்டாம் நம்பர்.