திறந்தவெளி ஷவரும் இரண்டு தண்ணீரும்

தருமபுரி மாவட்டத்தில் வீட்டின் பின்புறம் திறந்தவெளி ஷவர் அமைக்கும்போது, அதற்கு எந்தத் தண்ணீர் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இங்கே பல வீடுகளில் போர்வெல் தண்ணீரும் உண்டு, ஒகேனக்கல் தண்ணீரும் உண்டு. இந்திய தரநிலைப்படி குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் இந்த வரம்பைத் தாண்டுகிறது. அதனால்தான் ஜப்பானின் ஜைக்கா நிதியுதவியுடன் 2008-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் என்ற பெயரும் சேர்ந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

ஃபுளூரைடு உடலில் சேர்வது குடிப்பதாலும் சமைத்துச் சாப்பிடுவதாலும்தான், குளிப்பதால் அல்ல. ஆகவே ஷவருக்குப் போர்வெல் தண்ணீரே போதும். ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றாலே 40 லிட்டர் போய்விடும். குடிநீர் லைனிலிருந்து ஷவருக்கு இணைப்பு கேட்டால் பிளம்பர் மறுப்பதே முறை.

இரண்டு லைன்களும் எங்கும் சந்திக்கக் கூடாது. நடுவில் ஒரு வால்வு போட்டுப் பிரித்துவிட்டதாக நினைப்பது தவறு. வால்வு தேய்ந்தால் போர்வெல் தண்ணீர் குடிநீரில் கலக்கும். கைஷவர் பொருத்தினால் அதன் குழாய் பக்கெட் தண்ணீரில் மூழ்காத நீளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் லைனில் அழுத்தம் விழும்போது அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படும்.

அடுத்தது அழுத்தம். பத்தரை அடி உயர மாடியில் நாலரை அடி ஸ்டாண்டு மேல் டேங்க் இருந்தால், அதன் அடிமட்டம் தரையிலிருந்து 15 அடி. ஷவர் 7 அடியில் என்றால் கிடைப்பது 8 அடி ஹெட், அதாவது கால் பார் அளவு. கடையில் விற்கும் அகலமான ரெயின் ஷவர்களில் பல, அரை பார் முதல் 1 பார் வரை கேட்பவை. கால் பாரில் அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டத்தான் செய்யும். குறைந்த அழுத்தத்துக்கான சிறிய ஷவரைத் தேர்ந்து, டேங்கிலிருந்து 1 அங்குலக் குழாயை இறக்கி, ஷவர் அருகில் மட்டும் அரை அங்குலமாகக் குறைக்க வேண்டும். எல்போ எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பிரஷர் பம்ப் வைத்தால் டேங்குக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். தெருக் குடிநீர் லைனில் அல்ல. வெளியில் போகும் மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

வெயிலில் நிற்கும் சிபிவிசி குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். அதைச் சுவருக்குள் பதிக்கலாம், அல்லது தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் பூசலாம். தின்னர் கலந்த பெயிண்ட் குழாயையே அரிக்கும். தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்களில் ஷவர் துளைகள் உப்புப் படிந்து அடையும். விரலால் தேய்த்தாலே உப்பு உதிரும் சிலிக்கான் துளை ஷவரும், கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு யூனியனும் போட்டால் வீட்டுக்காரர் தாமே பராமரிப்பார்.

தரைக்கு இங்கே கருங்கல் பலகை எளிதாகக் கிடைக்கிறது. பாலிஷ் போட்டது சோப்பு நீரில் வழுக்கும். சொரசொரப்பான கல்லே வேண்டும். வாட்டம் 50-க்கு 1, அதாவது நாலடித் தரைக்கு ஏறக்குறைய 1 அங்குலம். மழைநீர் உள்ளே ஓடிவராமல் சுற்றிலும் சிறு திட்டு கட்ட வேண்டும்.

கழிவுநீரில்தான் இந்த மண் சோதிக்கிறது. பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். அங்கே உறிஞ்சுகுழி நிரம்பி வழிந்து கொசு வளர்க்கும். குழி தோண்டியதும் தண்ணீர் ஊற்றி, மண் ஊறியபின் மறுபடி ஊற்றி, அது வடியும் நேரத்தைப் பார்க்க வேண்டும். வடியவில்லையென்றால் வண்டல் தொட்டி வழியாக வாழைக்கோ கல்வாழைப் பாத்திக்கோ திருப்பலாம். எங்கே விட்டாலும் போர்வெல்லுக்கு 50 அடியாவது தள்ளியிருக்கட்டும்.

வேலையை ஒப்படைக்குமுன், டேங்க் பாதி காலியாக இருக்கும்போது ஷவரைத் திறந்து, பக்கெட்டும் கடிகாரமும் வைத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து காட்ட வேண்டும். அந்த அளவையும், எந்த வால்வு எந்தத் தண்ணீருக்கு என்பதையும் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தால், பின்னால் பழுது பார்க்க வருபவர் லைன் மாற்றி இணைக்க மாட்டார்.