முப்பதிலதான் வந்துதாம்!

போன ஆவணியில் மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலுக்கு வரும் பஸ்ஸில், ஒரு வளைவில் விழுந்தேன். இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. தூக்கி உட்கார வைத்த கண்டக்டர் தம்பி சொன்னார்: "பாட்டா, வண்டி முப்பதுலதான் வந்துது. கம்பியப் பிடிச்சிருக்கலாம்லா?" பஸ்ஸே ஆமாம் போட்டது. தப்பு கிழவன்மேல் என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பை நான் ஒப்பவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் 'வித்தெஸ்' என்ற ஒரே சொல்தான். வாத்தியார் எழுத்தின் தலையில் அம்புக்குறி போட்டுத்தான் பிரித்துக் காட்டுவார். தமிழில் அந்தக் குறை இல்லை. நம் பாடநூலில் வேகம், திசைவேகம், முடுக்கம். இலங்கைத் தமிழர் கதி, வேகம், ஆர்முடுகல் என்பார்கள். இத்தனை சொல் இருந்தும் ரோட்டில் எல்லாவற்றுக்கும் 'ஸ்பீடு'தான்!

எவ்வளவு விரைவு என்பது வேகம். எந்தத் திசையில் என்பதும் சேர்ந்தால் திசைவேகம். (எங்கள் ஆபீசில் ஒரு கோப்பு பத்து மேசை சுற்றிப் புறப்பட்ட மேசைக்கே வந்து சேரும். சராசரி வேகம் உண்டு; சராசரி திசைவேகம் சுழி!) திசைவேகம் மாறுகிற விகிதம்தான் முடுக்கம். முள் முப்பதிலேயே அசையாமல் நின்றாலும், வளைவில் திசை மாறுகிறதே, அதுவும் முடுக்கம்தான். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால், பூமி நம்மை இழுக்கும் முடுக்கத்தில் கால் பங்குக்கு மேல் பக்கவாட்டில் வருகிறது. பஸ் திரும்புகிறது, கிழவன் உடம்போ நேரே போகப் பார்க்கிறது. பதினைந்தில் திரும்பியிருந்தால் அது பாதியாக அல்ல, நாலில் ஒரு பங்காகியிருக்கும்.

ஆளைத் தள்ளுவது வேகம் அல்ல. விமானம் 800 கி.மீ.யில் போகும்போது கையிலிருக்கும் காப்பி அலம்புவதில்லை. பஸ் கிளம்பும்போது முள் பத்தைக்கூடத் தொட்டிருக்காது, படியருகே பாட்டிமார் சாய்கிறார்கள். முப்பதிலிருந்து இரண்டு நொடியில் நிறுத்துவதற்கும் ஆறு நொடியில் நிறுத்துவதற்கும் முடுக்கத்தில் மூன்று மடங்கு வித்தியாசம். இதெல்லாம் அந்த முள்ளில் தெரியாது. ரோட்டோரப் பலகையிலும் ஒரு எண்தான் இருக்கிறது.

கம்பியைப் பிடிக்கச் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த நேரம் டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்டவர் யார்? ஒரு கையில் பை, மறு கை சட்டைப்பைக்குள். எந்தக் கையால் பிடிப்பது?

டிரைவருக்கு நேரக்கணக்கு நெருக்கடி உண்டு, அறிவேன். நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஏறியவர் உட்காரும்வரை, அல்லது கம்பி கைக்கு எட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே வந்து பிரேக்கை அழுத்தாதீர்கள். பயிற்சி கொடுப்பவர்கள் முடுக்கம் என்ற சொல்லை ஒரு தடவையாவது சொல்லிக் கொடுக்கட்டும்.

சில்லறையை இப்போது வீட்டிலேயே எண்ணி எடுத்துக்கொண்டுதான் ஏறுகிறேன். என் பங்குக்கு அது. 'முப்பதுலதான்' என்ற பதிலை மட்டும் இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.